ஹால் ரவுட்டரை விடாத லேப்டாப்: வீட்டில் வலுவான வைஃபைக்கு மாற வைப்பது எப்படி?

பெட்ரூமில் புதிதாக ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் மாட்டியாகிவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. கையில் இருக்கும் மொபைல் ஃபுல் சிக்னல் காட்டுகிறது. ஆனால் பக்கத்தில் இருக்கும் லேப்டாப் மட்டும், இரண்டு சுவர் தாண்டி ஹாலில் இருக்கும் பழைய ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்கிறார்கள். "அம்மா, நெட் போச்சா?" என்று குரல் கொடுத்தால், "இல்லியேப்பா, டிவியில ஓடிட்டுத்தானே இருக்கு" என்று ஹாலில் இருந்து பதில் வருகிறது.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. 2020 மார்ச் ஊரடங்கில் அவசரத்துக்கு ஆரம்பித்த வீட்டு அலுவலகம், இன்று வாரத்தில் சில நாட்களாவது பலருக்கு நிரந்தரமாகிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறையும் ஐடி, பிபிஓ நிறுவனங்களுக்கான விதிகளைத் தளர்த்தி, ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்ய வழிவிட்டது. அலுவலகத்தில் வைஃபையைப் பார்த்துக்கொள்ள தனி ஆள் உண்டு. வீட்டில் அந்த வேலையும் நம் தலையில்தான்.

இந்தப் பிரச்சினை வந்ததும் பெரும்பாலானோர் செய்வது, இன்டர்நெட் பிளானை 100 எம்பிபிஎஸ்ஸில் இருந்து 300க்கு மாற்றுவது. இல்லையென்றால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து மெஷ் செட் வாங்குவது. இரண்டுமே சில வீடுகளில் வீண் செலவு. ஒரு வீடியோ காலுக்கு ஓரிரு எம்பிபிஎஸ் முதல் 4 எம்பிபிஎஸ் வரை கிடைத்தாலே போதும். சிக்கல் தெருவில் வரும் ஃபைபரில் இல்லை. ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பல நேரம் செட்டிங்கில் பத்து நிமிடம் செலவழித்தால் போதும்.

எதைப் பிடிப்பது என்று முடிவெடுப்பது யார்?

ரவுட்டர்தான் முடிவு செய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலை 1997இல் வந்தது. அன்று முதல் இன்று வரை, எந்த ரவுட்டருடன் சேருவது, எப்போது அதை விட்டு அடுத்ததற்குப் போவது என்ற முடிவு லேப்டாப், மொபைல் போன்ற கருவிகளின் கையில்தான் இருக்கிறது. ரவுட்டர் ஆலோசனை சொல்லலாம், சில சமயம் வெளியே தள்ளவும் செய்யலாம். ஆனால் அடுத்து எங்கே போவது என்பது லேப்டாப்பின் விருப்பம்.

மொபைல் போன் உரிமையாளரோடு சேர்ந்து நாள் முழுக்க அலையும் கருவி. அதனால் மாறுவதற்குத் தயாராகவே இருக்கும்படி அதைப் பெரும்பாலும் வடிவமைக்கிறார்கள். லேப்டாப் ஓரிடத்தில் உட்காரும் கருவி. கிடைத்த இணைப்பை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் குணம். அதனால்தான் ஒரே கட்டிலில் மொபைல் பெட்ரூம் எக்ஸ்டெண்டரிலும், லேப்டாப் ஹால் ரவுட்டரிலும் இருக்கின்றன. நெட்வொர்க் வேலை செய்பவர்கள் இப்படிப்பட்ட கருவிகளை 'ஸ்டிக்கி கிளையன்ட்' என்கிறார்கள். அதாவது ஒட்டிக்கொண்டு விடாதவை.

பெரம்பூரில் இருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸில் கஷ்டப்பட்டு ஒரு சீட் பிடித்தவரை நினைத்துப் பாருங்கள். பின்னாலேயே காலியாக இன்னொரு 29சி வருகிறது என்று சொன்னாலும் இறங்க மாட்டார். இறங்கி ஏறுவதற்குள் இரண்டும் போய்விட்டால் என்ன செய்வது? லேப்டாப்பின் கணக்கும் அதேதான்.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வேறு ரவுட்டரைத் தேட, லேப்டாப் தற்போதைய சேனலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மற்ற சேனல்களைக் கேட்க வேண்டும். புதியது கிடைத்தால் அதனிடம் அடையாளத்தை உறுதிசெய்து, ரகசியச் சாவியைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் மீட்டிங்கில் ஓரிரு வார்த்தை விழுங்கப்படும். இரண்டு ரவுட்டருக்கும் சரிபாதித் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரின் லேப்டாப் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால், அது ஒட்டிக்கொள்வதைவிட மோசம்.

மைனஸ் 67 என்றால் நல்லதா, கெட்டதா?

திரையில் தெரியும் வளைவுக் கோடுகள் தோராயமானவை. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது. அது மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வலு. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் சிக்கல் இல்லாமல் ஓடும் என்பது பொதுவான கணக்கு. மைனஸ் 75ஐத் தாண்டினால் தடுமாற்றம். மைனஸ் 80க்குக் கீழே போனால் இணைப்பு பெயரளவுக்குத்தான்.

இது சாதாரணக் கழித்தல் கணக்கு இல்லை. 3 டெசிபல் குறைந்தால் சிக்னலின் சக்தி பாதியாகிறது. 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. மைனஸ் 60க்கும் மைனஸ் 70க்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு என்பதை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு லேப்டாப் எப்போது இடம் மாறும் என்பதை ஆப்பிள் நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. மேக் லேப்டாப், தற்போதைய சிக்னல் மைனஸ் 75ஐத் தாண்டி மோசமாகும் வரை வேறு ரவுட்டரைத் தேடவே ஆரம்பிக்காது. தேடும்போதும், புதியது இப்போதையதைவிட 12 டெசிபல் அதிகமாக இருந்தால்தான் மாறும். ஐபோனுக்கு இந்த எல்லை மைனஸ் 70. டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது 8 டெசிபல் வித்தியாசம் இருந்தாலே போதும்.

இதை வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். பெட்ரூமில் ஹால் ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 74, எக்ஸ்டெண்டரின் சிக்னல் மைனஸ் 65 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்டெண்டர் எட்டு மடங்கு வலுவாக இருக்கிறது. ஆனாலும் மேக் நகராது. காரணம், மைனஸ் 75ஐ இன்னும் தொடவில்லை; தொட்டாலும் வித்தியாசம் 10 டெசிபல்தான், 12 ஆகவில்லை. அதே கட்டிலில் இருக்கும் ஐபோன் மாறிவிடும். லேப்டாப் பழுது இல்லை, தனக்குச் சொன்னதைத்தான் செய்கிறது.

சென்னை வீடுகளில் ஏன் இந்தப் பாடு?

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய தடித்த சுவர்கள் இன்னும் இருக்கின்றன. மேலே தேக்கு உத்தரத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. வெயிலுக்கு இதம், வைஃபைக்கு இடைஞ்சல். முன்னறையில் இருந்து முற்றம் தாண்டி பின்கட்டுக்கு வருவதற்குள் சிக்னல் களைத்துவிடும்.

தி.நகரில் தனி வீடுகள் இருந்த மனைகளில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. இங்கே சுவரைவிட நெரிசல்தான் பெரிய எதிரி. வைஃபை பட்டியலைத் திறந்தால் மேல் மாடி, கீழ் மாடி, எதிர் ஃப்ளாட் என்று பெயர்கள் வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். தெருவில் உள்ள அத்தனை வீடுகளும் இந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன.

அடையாறு காந்தி நகர், இந்திரா நகர் போன்ற இடங்களில் உள்ள ஃப்ளாட்டுகளில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண்கள், தளங்கள். அந்தக் கம்பி சிக்னலை நன்றாகவே தடுக்கும். இதோடு எல்லா வீட்டிலும் உள்ள பொதுவான தடைகளும் சேரும்: ஆள் உயர இரும்பு பீரோ, அதில் பதித்த பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் டேங்க். ரவுட்டர் இருக்கும் இடமும் முக்கியம். ஃபைபர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ, அங்கேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது வீட்டின் ஒரு மூலை. டிவிக்குப் பின்னாலோ, பரண் மேலோ இருந்தால் இன்னும் மோசம்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் குறைவு. 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைவரிசையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. வேகமும் அதிகம். ஆனால் ஒரே சக்தியில் அனுப்பினால், ஒரே தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4ஐவிட 6, 7 டெசிபல் குறைவாகவே, அதாவது ஏறக்குறைய கால் பங்காகவே வந்துசேரும். சுவர் குறுக்கிட்டால் இன்னும் குறையும். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறந்துவிடுவதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. ஆனால் அலைவரிசை உயர உயரச் சுவரைத் தாண்டும் திறன் குறையும் என்ற இயற்பியலை எந்த விதியும் மாற்றாது.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றும் முன், பிரச்சினை எங்கே என்று பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பை வேலை செய்யும் இடத்தில் வைத்துவிட்டு, வைஃபையை அணைத்து ஐந்து விநாடி கழித்து மறுபடி போடுங்கள். அப்போது லேப்டாப் புதிதாக எல்லாவற்றையும் தேடும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர் இருந்தால், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும். அதற்குப் பிறகு மீட்டிங் சரியாக ஓடினால், நோய் இதுதான் என்று உறுதி. செலவே இல்லாத முதலுதவியும் இதுதான். அறை மாறி உட்காரும்போதெல்லாம், மீட்டிங்குக்கு ஒரு நிமிடம் முன்பு இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அணைத்துப் போட்ட பிறகும் மோசமாகவே இருந்தால், அந்த அறையில் நல்ல சிக்னலே இல்லை என்று அர்த்தம். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மெதுவாக இருந்தால், கோளாறு வெளியே வரும் இணைப்பில். அப்போதுதான் சேவை நிறுவனத்துக்கு போன் போட வேண்டும்.

மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை ஐகானை க்ளிக் செய்தால் சிக்னல் எண், சேனல் எல்லாம் தெரியும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் உள்ளே வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் எந்த அலைவரிசை, எந்த சேனல் என்று பார்க்கலாம். ஆண்ட்ராய்டு மொபைலில் 'வைஃபை அனலைசர்' வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தால், வீட்டின் சிக்னல் வரைபடமே மனதில் பதிந்துவிடும்.

விண்டோஸ் லேப்டாப்பில் என்ன செய்யலாம்?

இங்கே இரண்டு வேறு வேறு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிலைமை, இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர். இதற்கான திறவுகோல் லேப்டாப்பின் வைஃபை கார்டில் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், அட்வான்ஸ்டு டேபைப் பாருங்கள். இன்டெல் கார்டு என்றால் 'ரோமிங் அக்ரசிவ்னஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஐந்து படிகள், வரும்போதே நடுப்படியில் இருக்கும். அதை ஒரு படி மட்டும் ஏற்றி இரண்டு நாள் பாருங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். லேப்டாப் ஓயாமல் தேடிக்கொண்டே இருந்து, புதுப் பிரச்சினை கிளம்பும். அதே பட்டியலில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்பதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு வைக்கலாம். ரவுட்டர் இருக்கும் அறையிலோ, அடுத்த அறையிலோ வேலை செய்பவர்களுக்கு இது கைகொடுக்கும். வேறு நிறுவனக் கார்டுகளில் பெயர் கொஞ்சம் மாறலாம், சிலவற்றில் இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது நிலைமை, பெட்டிக்கு ஒரு பெயர். ஹாலில் ஒன்று, பெட்ரூமில் இன்னொன்று. இங்கே விண்டோஸ் சிக்னல் வலுவைப் பார்த்து மாறும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. ஒரு பெயரில் இணைந்திருக்கும் வரை அது அங்கேயே இருக்கும். பழைய கன்ட்ரோல் பேனல் வழியாக நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் போய், வைஃபை பெயரைத் தட்டி, வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், 'இந்த நெட்வொர்க்கில் இருக்கும்போதே மற்ற நெட்வொர்க்குகளையும் தேடு' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைப் போட்டாலும் விண்டோஸ் தேடுவது வலுவான நெட்வொர்க்கை அல்ல. விருப்பப் பட்டியலில் மேலே இருக்கும் நெட்வொர்க்கைத்தான்.

ஆகவே அந்தப் பட்டியலைச் சீராக்க வேண்டும். செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்று போனால், லேப்டாப் இதுவரை சேர்ந்த எல்லாப் பெயர்களும் வரும். வேலை செய்யும் அறையில் வேண்டாத பெயரைத் தட்டி, தானாக இணைவதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டிய பெயருக்கு மட்டும் டிக் இருக்கட்டும். முன்பு இருந்த வாடகை வீட்டு வைஃபை, கேன்டீன் வைஃபை, பக்கத்து வீட்டு அண்ணா ஒருநாள் அவசரத்துக்குக் கொடுத்த வைஃபை எல்லாவற்றையும் 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிடலாம்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இந்த செட்டிங்குகள் பூட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் நாமாக நோண்டாமல் ஐடி சப்போர்ட்டிடம் கேட்பதே நல்லது.

மேக்கில்?

மைனஸ் 75, 12 டெசிபல் என்ற இரண்டு எல்லைகளையும் மாற்றுவதற்கு மேக் செட்டிங்ஸில் வழியில்லை. வேறு வேறு பெயர்கள் இருந்தால், வைஃபை செட்டிங்ஸில் வேண்டாத நெட்வொர்க்கின் 'ஆட்டோ ஜாயின்' வசதியை அணைக்கலாம். ஒரே பெயர் என்றால், லேப்டாப்பை விட்டுவிட்டு வீட்டில் உள்ள பெட்டிகளைச் சரிசெய்ய வேண்டும். அது விண்டோஸ் லேப்டாப்புக்கும் சேர்த்தே பலன் தரும்.

ரவுட்டர் பக்கம் செய்ய வேண்டியவை

ஒரே இணைப்பில் இரண்டு பெட்டிகள் இருந்தால், இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு முறை கொடுங்கள். ஒன்றில் டபிள்யூபிஏ2, இன்னொன்றில் டபிள்யூபிஏ3 என்று இருந்தால் பெயர் ஒன்றானாலும் லேப்டாப் தாண்டத் தயங்கலாம். சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ஹாலில் 1 என்றால் பெட்ரூமில் 6 அல்லது 11. ஒரே சேனலில் வைத்தால் நம் வீட்டுப் பெட்டிகளே ஒன்றுக்கொன்று வழிமறிக்கும்.

இரண்டாவது பெட்டியாக வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரையே பயன்படுத்தலாம். அதன் செட்டிங்கில் 'ஆக்சஸ் பாயின்ட்' மோடைத் தேர்வுசெய்து, முதல் ரவுட்டரில் இருந்து ஒரு லேன் கேபிள் இழுத்தால் போதும். அந்த மோடு இல்லாத பழைய மாடல் என்றால், அதில் டிஎச்சிபி வசதியை அணைத்து, அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, லேன் துளையில் இருந்து லேன் துளைக்கு இணைக்க வேண்டும். டிஎச்சிபியை அணைக்காமல் விட்டால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். 'வைஃபை கனெக்ட் ஆயிருக்கு, ஆனா நெட் வரல' என்ற புகார் பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது. கேட்6 கேபிளும் அதன் முனைகளும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

கேபிள் ஏன்? சுவர் பிளக்கில் செருகும் சாதாரண எக்ஸ்டெண்டர், ஹால் ரவுட்டரிடம் கேட்டதை அதே அலைவரிசையில் திரும்பச் சொல்கிறது. ஒரே வாயால் கேட்பதும் சொல்வதும் மாறி மாறி நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதோடு, சிக்னல் செத்துப்போன மூலையில் எக்ஸ்டெண்டரை மாட்டினால், அது வலுவாக ஒலிபரப்புவது பலவீனமான இணைப்பைத்தான். லேப்டாப்பில் ஃபுல் சிக்னல் தெரியும், மீட்டிங் மட்டும் ஓடாது. எக்ஸ்டெண்டருக்குச் சரியான இடம், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில், ஹால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடம்.

அடுத்தது பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும்: ஹால் ரவுட்டரின் சக்தியைக் குறைத்துப் பாருங்கள். பல ரவுட்டர்களில் 'டிரான்ஸ்மிட் பவர்' என்ற இடத்தில் ஹை, மீடியம், லோ என்று இருக்கும். மேலே பார்த்த உதாரணத்தில், ஹால் சிக்னல் பெட்ரூமில் மைனஸ் 74இல் இருந்து மைனஸ் 78 ஆனால் என்ன ஆகும்? மைனஸ் 75 எல்லை தாண்டப்படும். எக்ஸ்டெண்டரின் மைனஸ் 65உடன் வித்தியாசம் 13 டெசிபல். மேக் தானாக மாறிவிடும். பழைய இணைப்பு அரைகுறையாகத் தாக்குப்பிடிக்கும் வரைதான் லேப்டாப் அதைக் கட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது பெட்டி கேபிளில் இணைந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஹால் ரவுட்டரைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் எக்ஸ்டெண்டர் என்றால் அதன் இணைப்பும் சேர்ந்து பலவீனமாகிவிடும்.

மெஷ் செட் வாங்குவதாக இருந்தால் 802.11கே, வி, ஆர் வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'கே' பக்கத்தில் உள்ள பெட்டிகளின் பட்டியலை லேப்டாப்புக்குத் தரும். 'வி' இங்கே போனால் நல்லது என்று பரிந்துரைக்கும். 'ஆர்' மாறும்போது ஆகும் நேரத்தைக் குறைக்கும். இவை இருந்தாலும் லேப்டாப்பும் ஆதரித்தால்தான் பலன்.

கரண்ட் கட் ஆகும்போது

ஹால் ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும், பெட்ரூம் பெட்டி இருக்காது. கரண்ட் போனதும் பெட்ரூம் பெட்டி அணைந்து, லேப்டாப் வேறு வழியில்லாமல் ஹாலுக்குத் தாவும். கரண்ட் வந்த பிறகு பெட்டி உயிர்பெற்றாலும் லேப்டாப் திரும்பி வராது. 'கரண்ட் வந்த அப்புறம்தான் நெட் ஸ்லோ ஆகுது' என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பெட்டிகளையும் இன்வெர்ட்டரில் போடலாம். அல்லது 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைப் பெட்ரூம் பெட்டிக்கு வைக்கலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இரண்டு இன்டர்நெட் இணைப்பு இருந்தால்?

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் வழியாக மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகள், கூடவே மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய் வேலைகள் என்று சாலைகள் தோண்டப்படும் ஊர் இது. பள்ளம் தோண்டும்போது கேபிள் அறுந்தால் அரை நாள் நெட் இருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகள் நாள்கணக்கில் இணைப்பு இல்லாமல் தவித்தன. அதனால் வேலை முக்கியம் என்பவர்கள் இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே 'வலுவான சிக்னல்' என்ற அளவுகோலே ஏமாற்றும். சிக்னல் கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள பத்தடி தூரத்தை மட்டும்தான். தெருவில் ஃபைபர் அறுந்திருந்தாலும் ரவுட்டர் ஃபுல் சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்பும் 'நோ இன்டர்நெட்' என்று காட்டியபடி அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும், பக்கத்தில் இரண்டாவது இணைப்பு வேலை செய்தாலும்.

இதற்கு லேப்டாப்பில் தேட வேண்டாம். இரண்டு இணைப்புகளையும் ஏற்கும் 'டூயல் வேன்' ரவுட்டர் ஒன்று இருந்தால், ஒன்று அறுந்ததும் அதுவே மற்றதற்கு மாற்றிவிடும். லேப்டாப்புக்கு எப்போதும் ஒரே வைஃபை பெயர்தான் தெரியும். அது வேண்டாம் என்றால், இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, அறுந்த அன்று கையால் மாற்றிக்கொள்வதே நேர்மையான வழி. வேறு வேறு நிறுவன இணைப்புகளுக்கு ஒரே வைஃபை பெயர் வைத்துவிட்டால், லேப்டாப் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போது ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங், அலுவலக விபிஎன் இரண்டுமே அறுந்துவிடும்.

மூன்றாவது இணைப்பாக மொபைல் ஹாட்ஸ்பாட் இருந்தால், அதைத் தானாக இணையும் பட்டியலில் வைக்க வேண்டாம். லேப்டாப் சத்தமில்லாமல் அதில் சேர்ந்து, விண்டோஸ் அப்டேட்டை இறக்கிக்கொண்டே அன்றைய டேட்டாவைக் காலி செய்துவிடும். ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்ஷன்' என்று குறித்துவைத்தால் அந்த ஆபத்து குறையும்.

தானாக இணைவதில் ஓர் எச்சரிக்கை

லேப்டாப் ஒரு நெட்வொர்க்கை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் பெயரை வைத்துத்தான். காபி கடையிலோ ரயில் நிலையத்திலோ பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் ஒருமுறை சேர்ந்திருந்தால், அதே பெயரில் வேறு யாராவது ஒரு நெட்வொர்க்கை உருவாக்கினாலும் லேப்டாப் நம்பிச் சேர வாய்ப்பு உண்டு. 'வலுவானது எதுவோ அதைப் பிடி' என்று லேப்டாப்பைப் பழக்கும்போது, பட்டியலில் இருப்பவை எல்லாம் நம்பகமானவையா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பாஸ்வேர்டு இல்லாத பெயர்களை நீக்குவது இரண்டு நிமிட வேலை.

செலவுக்கு முன் ஒரு வரிசை

முதலில் வைஃபையை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அடுத்து ரவுட்டரை டிவிக்குப் பின்னால் இருந்தோ பரணில் இருந்தோ எடுத்து, வீட்டின் நடுப்பக்கமாக, மேஜை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். பிறகு லேப்டாப்பின் பழைய நெட்வொர்க் பட்டியலைச் சுத்தம் செய்து, ரோமிங் அளவை ஒரு படி ஏற்றுங்கள். இதுவரை ஒரு பைசா செலவில்லை. அதற்குப் பிறகும் அறையில் சிக்னல் மைனஸ் 70ஐவிட மோசம் என்றால் கேபிளோடு இரண்டாவது பெட்டி. மூன்று, நான்கு அறைகளிலும் ஆட்கள் வேலை செய்யும் பெரிய வீடு என்றால் மெஷ். பிளானை உயர்த்துவது கடைசி.

இன்டர்வியூ, கிளையன்ட் டெமோ போன்ற தவறவே கூடாத நாட்களுக்கு இந்த எந்தக் கணக்கும் வேண்டாம். ரவுட்டரில் இருந்து லேப்டாப்புக்கு நேராக ஒரு லேன் கேபிள் செருகிவிடுங்கள். லேப்டாப்பில் துளை இல்லை என்றால் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். கேபிளும் வைஃபையும் சேர்ந்து இருந்தால் விண்டோஸ் வழக்கமாகக் கேபிளையே தேர்ந்தெடுக்கும். மேக்கில் எது முதலில் என்பதை நெட்வொர்க் செட்டிங்ஸில் வரிசைப்படுத்திவிடலாம்.